ஹார்ட் டாக்டர் ஆக இன்னும் எத்தனை வருஷம்?

வணக்கம் சார்,

காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். ஐஸ் ஃபேக்டரியில் வேலை. என் தங்கை கார்ப்பரேஷன் ஸ்கூலில் படித்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு வந்த முதல் வருஷத்திலேயே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவள். சி.ஆர்.ஆர்.ஐ. என்கிற ஒரு வருஷ ஆஸ்பத்திரிப் பயிற்சியும் முடியப்போகிறது. டாக்டர் ஆகிவிட்டாள், இனி கவலையில்லை என்று நினைத்தோம். அவளோ பி.ஜி. (மேற்படிப்பு) படிக்கணும், அதற்கு ஒரு வருஷம் வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்து படிக்கணும் என்கிறாள். அம்மாவுக்கு அவள் ஹார்ட் டாக்டர் ஆக வேண்டுமாம். அப்பா, அதற்கு இன்னும் எத்தனை வருஷம் என்று கேட்கிறார். அத்தை, கல்யாணத்தை முடித்துவிட்டுப் படிக்கட்டும் என்கிறாள். நடுவில் ஒருவர் வந்து, பி.ஜி. சீட் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள் என்கிறார். நம்பாதீர்கள் என்று தங்கை சொல்கிறாள். எங்கள் பக்கம் கேட்டுத் தெரிந்துகொள்ள யாருமில்லை. உங்கள் வீட்டில் ஒரு டாக்டர் இருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம் சார்.

— ஒரு வாசகர், காசிமேடு

அன்புள்ள தம்பி,

முன்பணம் கேட்டு வந்தவரை முதலில் அனுப்பிவிடுவோம். அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் எதுவானாலும் நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் கவுன்சிலிங்கும் இல்லாமல் இன்று பி.ஜி. சீட் கிடையாது. மேனேஜ்மென்ட் சீட்டுக்கும் அதே கவுன்சிலிங்தான், கட்டணம்தான் பல மடங்கு. இதில் வாங்கித் தருவதற்கு ஒருவருக்கும் இடமில்லை. தங்கை சொல்வதுதான் சரி.

அடுத்தது அப்பாவின் கேள்வி. எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், சி.ஆர்.ஆர்.ஐ. ஒரு வருஷம், இந்த ஐந்தரை முடிந்துவிட்டது. அம்மா ஹார்ட் டாக்டர் என்று யாரை நினைக்கிறார் என்று தெரியவில்லை. ஆஞ்சியோ பார்த்து ஸ்டென்ட் வைப்பவர் கார்டியாலஜிஸ்ட். அவர் பெரும்பாலும் பொது மருத்துவத்தில் மூன்று வருஷம் எம்.டி. முடித்து, நீட் எஸ்.எஸ். என்று இன்னொரு தேர்வு எழுதி, மேலும் மூன்று வருஷம் டி.எம். படித்தவர். நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்பவர் வேறு ஆள். அவர் பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ்., அதன் மேல் எம்.சிஎச். இரண்டு பாதையும் எம்.பி.பி.எஸ். முடிந்த கையோடு பிரிந்துவிடும். பொது மருத்துவம் எடுத்தவர் பிறகு மனம் மாறி இதய அறுவைக்குப் போக முடியாது. நாட்டில் வெற்றிகரமாக நடந்த முதல் பைபாஸ் 1975-ல் நம் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம். செரியன் செய்ததுதான். அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

ஆக, எங்கும் நிற்காமல் போனால் இன்னும் ஆறு வருஷம். நிற்காமல் போகிறவர்கள் குறைவு. நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் காலம், பி.ஜி. முடித்தபின் ஒப்பந்தப்படி செய்ய வேண்டிய அரசுப் பணி, எஸ்.எஸ். தேர்வுக்கு மறுபடி ஒரு தயாரிப்பு எல்லாம் சேர்ந்தால் எட்டு ஒன்பது ஆகும். அப்பாவிடம் ஒன்பது என்றே சொல்லுங்கள். ஆறு என்று சொல்லிவிட்டு ஏழாவது வருஷம் வீட்டில் தலைகுனிந்து நிற்பது உங்கள் தங்கைதான்.

ஆனால் ஸ்பெஷலிஸ்ட் ஆக டி.எம். வரை ஏற வேண்டும் என்று கட்டாயமில்லை. எம்.டி., எம்.எஸ். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. மூன்று வருஷம் முடித்தாலே அந்தத் துறையின் சிறப்பு மருத்துவர்தான். குழந்தை மருத்துவம், கண், எலும்பு, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற மகப்பேறு மருத்துவர்கள் எல்லாம் இந்த வகை. எங்கள் வீட்டு டாக்டர் என் அக்கா மகன், மயக்க மருந்து எம்.டி. ஆபரேஷன் முடிந்ததும் சர்ஜன் கையைப் பிடித்து அழுகிறவர்கள் இவனை யாரென்று கேட்பதுகூட இல்லை. அதில் அவனுக்கு வருத்தமுமில்லை. எனக்குத்தான் கொஞ்சம்.

எந்தத் துறை என்பதை அம்மாவின் ஆசையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ரேங்க் ஓரளவு முடிவு செய்யும். ரேடியாலஜி, பொது மருத்துவம், தோல் இவை முதலில் போய்விடும். மீதியைத் தங்கை முடிவு செய்யட்டும். சி.ஆர்.ஆர்.ஐ.யில் எல்லா முக்கியத் துறைகளுக்கும் சுற்றிவந்திருப்பாள். எந்த போஸ்டிங்கில் இருந்தபோது லேட்டாக வீட்டுக்கு வந்தும் அலுத்துக்கொள்ளாமல் பேசிக்கொண்டே சாப்பிட்டாள் என்று அம்மாவைக் கேட்டால் தெரியும். ஸ்டான்லியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. நம் பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்கிற அந்த இடத்தில், 1971-ல் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே ஓர் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். சுற்றிலும் பட்டறையும் தொழிற்சாலையும் இருக்கிற ஊர். பிரஸ் மெஷினில் விரல் போன பையன் இல்லாத தெரு உண்டா இங்கே? இன்று கை அறுவை என்றால் வெளிமாநிலத்திலும் ஸ்டான்லியைச் சொல்கிறார்கள். இதயத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை கை, அதுவும் கையை வைத்துப் பிழைக்கிற வீட்டில்.

சரி, ஒரு வருஷம் வீட்டிலிருந்து படிப்பதா, வேலைக்குப் போவதா? உங்கள் கடிதத்தில் முக்கியமான கேள்வி இதுதான். தங்கையை ஸ்டான்லிக்குள் கொண்டுவந்த 7.5 சதவீதம் எம்.பி.பி.எஸ்.ஸோடு முடிந்துவிட்டது, பி.ஜி.யில் அது கிடையாது. இனி அவள் போட்டியிடப்போவது கோச்சிங் ஆப்புக்குப் பணம் கட்டி, சம்பாதிக்க வேண்டிய அவசரம் இல்லாமல் இரண்டு மூன்று வருஷம் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளோடு. தேர்வு மூன்றரை மணி நேரம், 200 கேள்வி. அதற்கு முழுமூச்சாகப் படிக்கும் ஒரு வருஷத்துக்கு நிச்சயம் மதிப்பு உண்டு. ஆகவே அந்த ஒரு வருஷத்தைக் கொடுங்கள். ஆனால் இரண்டாவது வருஷத்தை இப்போதே வாக்குக் கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) அரசு வேலைக்கான உதவி மருத்துவர் தேர்வு அறிவித்தால் அதையும் அவள் எழுதட்டும். எம்.ஆர்.பி. தேர்வு வருஷா வருஷம் தவறாமல் வருவதில்லை, வரும்போது விட்டுவிடக் கூடாது.

ஏன் என்றால், தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு பி.ஜி.யில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அரசுக் கல்லூரி பி.ஜி. இடங்களில் பாதி, எல்லா மாநிலத்தவரும் போட்டியிடுகிற அகில இந்தியத் தொகுப்புக்குப் போகும். மாநிலத்தின் கையில் இருக்கும் மறுபாதியில் சரிபாதி சர்வீஸ் டாக்டர்களுக்கு. இடையில் இது பறிபோனது. அரசு டாக்டர்கள் சங்கமே உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 ஆகஸ்ட் 31-ல் அரசியல் சாசன அமர்வு, இப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் திரும்பி வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, வேலையை விடாமலே பி.ஜி.க்குப் போகலாம். எழுதுவது அதே நீட் பி.ஜி.தான், போட்டி மட்டும் அவளைப் போலவே நாளெல்லாம் ஓ.பி. பார்த்துவிட்டு ராத்திரி படிக்கிறவர்களோடு. படித்து முடித்ததும் அரசுப் பணிக்கே திரும்ப வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் வீட்டுக்கு அது பாரமாக இருக்காது.

என் அக்கா மகன் போனது இந்த வழியில்தான். திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். சொந்தக்காரர்கள் வெறும் எம்.பி.பி.எஸ்.ஸோடு கிராமத்தில் கிடக்கிறான் என்று பேசினார்கள். பாம்புக்கடியும் ராத்திரிப் பிரசவமும் தனியாகப் பார்த்துவிட்டு பி.ஜி.க்குப் போனதால்தான் முதல் வருஷத்தில் கை நடுங்கவில்லை என்று அவன் சொல்வான். அந்த வருஷங்களை வீணான காலமாக நினைக்கிற வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. வசதியுள்ள வீடுகளில் தொடங்கிய எண்ணம் அது, நாமும் அதையே திருப்பிச் சொல்கிறோம்.

அத்தையின் யோசனையைப் பற்றி என்னைக் கேட்பதைவிடத் தங்கையைக் கேட்பதுதான் முறை. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பி.ஜி. முதல் வருஷம் என்பது படிப்பு என்ற பெயரில் நடக்கும் வேலை. ரத்தம் எடுப்பது, ரிப்போர்ட்டுக்கு அலைவது, கேஸ் ஷீட் எழுதுவது, அட்மிஷன் நாளில் விடிய விடிய வார்டில் நிற்பது எல்லாம் முதல் வருஷத்தவர் தலையில்தான் விழும். அதன் மேல் தீசிஸ் எழுத வேண்டும், பிந்தைய வருஷங்களில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் போய்ப் பணி செய்ய வேண்டும். இதையெல்லாம் முதலிலேயே கேட்டுத் தலையாட்டுகிற மாப்பிள்ளை வீடு கிடைத்தால் சரி. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மறைத்துச் செய்கிற கல்யாணம் வேண்டாம்.

இப்போதே செய்ய வேண்டிய வேலைகள் உங்களுக்கு இருக்கின்றன. நீட் பி.ஜி. அறிவிப்பில், இந்தத் தேதிக்குள் சி.ஆர்.ஆர்.ஐ. முடித்திருக்க வேண்டும் என்று ஒரு கெடு இருக்கும். அதிகமாக லீவு எடுத்து போஸ்டிங் நீண்டுபோனால் ஒரு வருஷமே போய்விடும், அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் பி.சி.யோ எம்.பி.சி.யோ என்றால், எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் கொடுத்த சாதிச் சான்றிதழ் மாநிலக் கவுன்சிலிங்குக்குத்தான் உதவும். அகில இந்தியத் தொகுப்பில் இருக்கும் 27 சதவீதத்துக்கு மத்திய அரசுப் படிவத்தில் தனியாக ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், அதில் கிரீமி லேயர் (வசதி கூடிய பிரிவு) இல்லை என்று இருக்க வேண்டும், பழைய தேதியில் இருந்தால் ஏற்க மாட்டார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு, தாசில்தார் ஆபீசுக்கு நீங்களே நேரில் போய்க் கேட்டு வாங்கிவிடுங்கள். தங்கைக்கு டூட்டியில் அதற்கு நேரம் இருக்காது.

அன்புடன்.