கரையில் கிடக்கும் பாய் வத்தையை என்ன செய்வது?

கேள்வி: பாக் விரிகுடாக் கரையில் உள்ள ஓர் ஊரில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் மாணவன் ஒருவனின் தாத்தா ஓட்டிய பாய் வத்தை (பாய் கட்டி ஓட்டும் மர மீன்பிடிப் படகு) பல வருடமாகக் கரையில் கிடக்கிறது. ஃபைபர் பூசி, பெயிண்ட் அடித்து, பள்ளி வாசலில் நிறுத்தலாம் என்கிறார்கள் ஊரில். பிள்ளைகளுக்குப் படகுக் கலையையும் சொல்லித்தர ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் அந்த ஃபைபர் பூச்சை நிறுத்திவிடுங்கள். இருபது வருடத்துக்கு முன் நானே அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். ஒரு பழைய வள்ளத்துக்கு ஆசை ஆசையாக ஃபைபர் போர்த்தினோம். உள்ளே இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் மரம் பூஞ்சை பிடித்து உளுத்துப்போனது. இரண்டு மழைக்காலம் கழித்துத் தட்டிப் பார்த்தபோது வெளியே ஓடு மட்டும்தான் இருந்தது. அந்த வள்ளத்தைக் கட்டியவர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். அவர் இருந்தபோது ஒரு நாள்கூட உட்கார்ந்து கேட்கவில்லையே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் சொல்கிறேன், உங்கள் ஊரில் வத்தை கட்டத் தெரிந்த ஓடாவி, அதாவது படகுத் தச்சர், யாராவது உயிரோடு இருக்கிறாரா என்று இன்றே விசாரியுங்கள். மரம் ஒரு நாள் போகத்தான் போகும். ஓடாவி இருந்தால் அதைப் பார்த்து இன்னொன்று கட்டலாம்.

சரி, வத்தைக்கு உடனே செய்ய வேண்டியது. கரையில் கிடக்கும் மரப்படகுக்கு எதிரி மழைநீர்தான். கடல்நீர் அவ்வளவாக மரத்தை உளுத்துப்போக விடாது. மேலே கீற்றுக் கொட்டகை போடுங்கள், பக்கங்களை அடைக்காதீர்கள், காற்று போய்வர வேண்டும். மணலிலிருந்து தூக்கி, சில அடிக்கு ஒன்றாகப் பனங்கட்டை கொடுத்து உட்கார வையுங்கள். நடுவில் மட்டும் தாங்கினால் இரண்டு முனையும் தொங்கி முதுகு வளைந்துவிடும். வெயிலில் ஒரேயடியாகக் காய்ந்தாலும் பலகை இடைவெளி விரியும், அதனால் அவ்வப்போது கடல்நீர் தெளியுங்கள். துருப்பிடித்த ஆணியைப் பிடுங்க வேண்டாம், சுற்றியுள்ள மரமும் சேர்ந்து வரும். முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் பூசலாம். ஆனால் அது தோலைப் புண்ணாக்கும், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஓடாவி. உங்கள் கரை வத்தைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு, ஊரிலேயே பலருக்கு அது தெரியாது. நாட்டுப்படகு வகைகள் பலவற்றில் பலகையை முதலில் கட்டி, பிறகுதான் உள்ளே வங்கு, அதாவது விலா எலும்புபோன்ற வளைந்த சட்டம், வைப்பார்கள். வத்தையில் வங்கு முதலில் நிற்கும், பலகை பின்னால் வரும். அப்படியானால் ஒவ்வொரு வங்கின் வளைவும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதற்கு ஓடாவி ஒரு பலகையில் கோடு கீறி, வளைவுக்கான மர அச்சை அதில் நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு வளைவையும் எடுப்பார். காகித வரைபடம் கிடையாது. 1990களில் பிரிட்டனைச் சேர்ந்த கடல்சார் தொல்லியலாளர்கள் இந்தக் கரைக்கு வந்து இதைப் பதிவு செய்தார்கள். மத்தியதரைக்கடல் பக்கத்துப் பழைய கப்பல் பட்டறைகளில் இருந்த முறைக்கு இது மிக நெருக்கமானது. பத்தாம் வகுப்பு வடிவியலை நடத்த இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

பாடத்தை அந்த வத்தையை அளப்பதிலிருந்தே தொடங்குங்கள். நடுவில் முனைக்கு முனை நூல் கட்டி, 30 செ.மீ.க்கு ஒரு குறி போட்டு, ஒவ்வொரு குறியிலும் நூலிலிருந்து பக்கப் பலகை எவ்வளவு தூரம், அடிப்பலகை எவ்வளவு ஆழம் என்று தூக்குக்குண்டு விட்டு அளக்கச் சொல்லுங்கள். ஓடாவி அதையே முழத்திலும் சாணிலும் விரலிலும் சொல்வார், இரண்டையும் எழுதிக்கொள்ளட்டும். முன்பக்கம் அணியம், அடியில் ஓடுவது ஏரா, விலா எலும்புபோல நிற்பது வங்கு, பலகை இடுக்கில் பஞ்சு அடைப்பது கலப்பத்து. அவர் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் போனில் பதிவு செய்யுங்கள். உங்கள் ஊரில் வேறு சொல் புழங்கினால் அதுதான் சரியான சொல். பிறகு அதே அளவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து மாதிரி வத்தை செய்யட்டும். நிஜ வத்தையை அதற்கு அடுத்த வருடம் யோசிக்கலாம்.

நாள் குறிப்பதில் ஒரு விஷயம். கோடை விடுமுறைதான் வசதி என்று நினைப்பீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையேறிப் பழுது பார்ப்பது அப்போதுதான். ஓடாவிக்கு வருடத்தில் நல்ல கூலி கிடைக்கும் மாதங்கள் அவை. அவரை வகுப்புக்குக் கூப்பிட்டு அந்த வருமானத்தைக் கெடுக்கக் கூடாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை, பிறகு மழை விட்டு ஜனவரி முதல் மார்ச் வரை என வாரம் அரைநாள் வைத்துக்கொள்ளுங்கள். பொன்னாடை போர்த்தி அனுப்பாமல், தச்சு வேலைக்கு என்ன கூலியோ அதைக் கையில் கொடுங்கள். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

நார்வேயில் பெர்கன் நகரத்துக்குத் தெற்கே ஓஸ் என்ற ஊரில் ஓசெல்வர் என்றொரு சிறு மரப்படகு உண்டு. அதைக் கட்டுகிறவர்கள் அருகிப்போன நிலையில், 1997-இல் ஒரு பட்டறை தொடங்கினார்கள். தேர்ந்த கைவினைஞர் பக்கத்தில் இருந்து புதியவர் கற்கிறார், கட்டிய படகு ஓட்டுகிறவர் கைக்குப் போகிறது. 2016-இல் யுனெஸ்கோ அதை நல்ல பாதுகாப்பு நடைமுறைகளின் பதிவேட்டில் சேர்த்தது. கட்டுவதையும் ஓட்டுவதையும் அவர்கள் பிரிக்கவில்லை. நீங்களும் பிரிக்காதீர்கள்.

ஓட்டுவதற்கு வத்தை தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம். காலையில் பள்ளிக் கொடிக்கம்பத்தைப் பார்த்து அன்றைய காற்று வாடையா (வடக்கு), கொண்டலா (கிழக்கு), சோழகமா (தெற்கு), கச்சானா (மேற்கு) என்று ஒரு பிள்ளை எழுதட்டும். வாரம் ஒருமுறை ஊர்ப் பெரியவர் ஒருவர் அந்த நோட்டைத் திருத்தட்டும். காற்று தள்ளிப் படகு சாயாமல் இருக்கக் குறுக்குப் பலகையில் ஆள் ஏறி உட்காருவது ஏன் என்பது அப்போது தானாகப் புரியும். தண்ணீரில் இறங்கும் நாளில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், கூடவே ஒரு இன்ஜின் படகு. இதில் சமரசம் வேண்டாம். பெண் பிள்ளைகளையும் ஏற்றுங்கள்.

பெற்றோர் தயங்குவார்கள். "நாங்க பட்ட பாடு போதும், எங்க பிள்ளை படிக்கட்டும்" என்பார்கள். அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது, மறுத்துப் பேசாதீர்கள். மீன்பிடிக்கு அனுப்பச் சொல்லவில்லை, பாட்டன் கணக்கைப் படிக்கச் சொல்கிறோம் என்று சொல்லுங்கள். எதிர்க்கரை வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சேர்ந்ததையும் சொல்லுங்கள்.

ஓடாவி வீட்டுக்குப் போகும்போது, வங்குக்குக் கோடு கீறும் அந்தப் பலகை எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் கொல்லையில் சாத்தியிருக்கும், பார்ப்பவர்களுக்கு விறகு மாதிரிதான் தெரியும். அவர் சம்மதித்தால் கோடுகள் தெரிய அதன் இரு பக்கத்தையும் படமெடுத்துவிட்டு, நனையாத இடத்தில் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.