ஒரு நாள் விட்டுப்போனால்

அன்புள்ள ஐயா,

தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். வயது 43. கோபக்காரன் என்று வீட்டிலும் கடையிலும் பெயர். இதை மாற்றவேண்டும் என்று ஒரு மண்டலம் சாதனை தொடங்கினேன். காலை நாலரைக்குக் குளியல், மூச்சுப் பயிற்சி, 108 முறை பஞ்சாட்சரம், சிவபுராணம், அரை மணி தியானம். இரவு கீதையில் ஓர் அத்தியாயம். ஆடித் தள்ளுபடி வந்தது, கடை அடைக்கவே பதினொரு மணி ஆனது. 19-ஆவது நாள் எழ முடியவில்லை. மண்டலம் முறிந்தால் பலன் போயிற்று, முதலிலிருந்து தொடங்கு என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அன்றைக்கே வீட்டில் பெரிய சண்டை. "சாமி கும்பிட்டு என்னத்தக் கண்டீங்க?" என்று மனைவி கேட்டாள். தீட்சை வாங்காமல் செய்ததுதான் குறையா?

பெயர் வேண்டாம், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். பலன் எங்கும் போகவில்லை. கீதை இரண்டாம் அத்தியாயம், 40-ஆவது சுலோகத்தில் கண்ணன் நேராகவே சொல்கிறான்: இந்த வழியில் எடுத்த முயற்சி வீணாவதில்லை, தோஷமும் கிடையாது, கொஞ்சம் செய்தாலும் பெரிய பயத்திலிருந்து அது காக்கும். வேண்டுதலுக்கும் விரதத்துக்கும் மண்டலக் கணக்கு உண்டு, அதை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்பது சுபாவம் மாறுவதை. அது 48 நாளில் முடிகிற காரியம் இல்லை. அதனால் 19-ஆவது நாளில் கெட்டுப்போகிற காரியமும் இல்லை.

பதினொரு மணிக்குக் கடை அடைப்பவர் நாலரைக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம்கூட மிஞ்சாது. தூக்கம் கெட்ட உடம்பில் கோபம் ஏறத்தான் செய்யும். நீங்கள் இரவில் படிக்கிற அதே கீதை, ஆறாம் அத்தியாயத்தில், அதிகம் தூங்குபவனுக்கும் தூங்காமல் விழித்திருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறது.

பயிற்சி வேரூன்ற நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்யவேண்டும் என்கிறார் யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி. இதில் இடைவிடாமல் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு மிரட்டுபவர்கள் அதிகம். இடைவிடாமல் செய்யவேண்டுமென்றால், ஆடித் தள்ளுபடி அன்றைக்கும் செய்ய முடிகிற அளவில் அது இருக்கவேண்டும், இல்லையா? உங்கள் பட்டியலில் சிவபுராணத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 95 அடிதான், நிதானமாகச் சொன்னாலும் கால் மணிக்குள் முடியும். பாடிய மாணிக்கவாசகரும் நம் ஊர்ப்பக்கத்துக்காரர், மேலூருக்கு அருகிலுள்ள திருவாதவூர். பாண்டியனின் அமைச்சராக இருந்து, குதிரை வாங்கக் கொடுத்த பணத்துக்குக் கணக்குச் சொல்லவேண்டிய இக்கட்டில் நின்றவர். 'வேகம் கெடுத்தாண்ட வேந்தன் அடிவெல்க' என்று ஆறாவது அடியில் வரும். அந்த இடத்தில் ஒரு மூச்சு நின்றுவிட்டு மேலே போங்கள்.

கோபத்துக்கு வருகிறேன். உங்கள் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில், மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில், சொக்கப்ப நாயக்கன் தெரு இருக்கிறது. 1896 ஜூலையில், 16 வயது வேங்கடராமனுக்கு, தான் இறந்துபோவதாகவே உணர்ந்த மரண அனுபவம் வந்தது அங்கேதான், சித்தப்பா வீட்டில். பின்னாளில் ரமணர் ஆனவர். அந்த அரைமணி நேரத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஆகஸ்ட் கடைசியில் அவர் திருவண்ணாமலைக்குக் கிளம்பும்வரை மதுரையில் இருந்த சில வாரங்கள். மாலையில் தனியாகக் கோயிலுக்குப் போய், சுவாமி முன்னும் அம்மன் முன்னும் அறுபத்துமூவர் முன்னும் கண்ணீரோடு நிற்பார். பெரும்பாலும் எதுவும் கேட்கமாட்டார். வீட்டில் என்ன மாறியது என்பதையும் பிறகு அவரே சொல்லியிருக்கிறார். முன்பெல்லாம் மற்ற பையன்கள் கேலி செய்தால் திருப்பிக் கொடுப்பார், தன் தலையில் அதிக வேலை விழுந்தால் முறையிடுவார். இப்போது எல்லாவற்றையும் பேசாமல் பொறுத்துக்கொண்டார், சாப்பாட்டில் இது பிடிக்கும் இது பிடிக்காது என்பதும் போய்விட்டது. அவ்வளவு பெரிய அனுபவம் வெளியே தெரிந்தது இந்தச் சின்ன விஷயங்களில்தான்!

எண்ணம் எழுந்தால் 'இது யாருக்கு வந்தது?' என்று விசாரிக்கச் சொன்னார் அவர். பில் ஒத்துப்போகாமல் கடைப்பையன் மேல் பாயும்போது அதைக் கேட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் கத்தி முடித்த பிறகுதான் நினைவுக்கு வரும். வரட்டும். அப்புறம் கத்திக்கொண்டிருக்கும்போதே வரும், பிறகு வாய் திறக்குமுன் வரும். நீங்கள் பார்க்கவேண்டிய முன்னேற்றம் இது. தியானத்தில் ஒளி தெரிந்ததா என்பதெல்லாம் இல்லை.

தீட்சை சைவத்தில் பெரிய விஷயம். ஒரு குருவிடம் உண்மையான ஈடுபாடு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். முறிந்ததை ஒட்டவைக்க அதைத் தேடவேண்டாம். சிவபுராணம் ஓத யார் அனுமதியும் தேவையில்லை.

உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. நீங்கள் மாறினால் முதலில் தெரியப்போவதும் அவருக்குத்தான். அந்தச் சண்டைக்குப் பிறகு நீங்கள் பேசிக்கொண்டீர்களா என்று எழுதவில்லை. இன்னும் இல்லையென்றால், சிவபுராணத்தை நாளைக் காலை வைத்துக்கொள்ளலாம். இன்று ராத்திரி அவரிடம் போய்ப் பேசுங்கள்.

அன்புடன்