கீழே சிறகு இலை, மேலே அரிவாள் இலை: ஒரே செடியா?

ஒரே செடிதான். உங்கள் மகள் புளோக்குக்குப் பின்னால் பிடுங்கி வந்தது அக்கேசியாக் கன்று. கீழே தொட்டாச்சிணுங்கி மாதிரி இருப்பவைதான் நிஜமான இலைகள். மேலே அரிவாள் போல வளைந்தவை இலையே அல்ல, தட்டையாகி இலை வேலை பார்க்கும் இலைக்காம்புகள். பாடநூலில் இதற்கு ஃபில்லோடு என்று பெயர்.

சிங்கப்பூரில் காலி நிலங்களில் தானாக முளைக்கும் இந்த மரத்தின் பூர்வீகம் ஆஸ்திரேலியாவும் நியூ கினியும். செங்குத்தாக நிற்கும் காம்பில் உச்சிவெயில் நேராக விழாது, அதனால் சூடும் நீரிழப்பும் குறைவு.

சந்தேகமா? தண்டின் நடுப்பகுதியைப் பாருங்கள். காம்பு பாதி அகன்று, நுனியில் மட்டும் சிறகுச் சிற்றிலைகள் ஒட்டியிருக்கும் ஒன்றிரண்டு கிடைக்கலாம். அதைப் படம் எடுத்தாலே அவள் புராஜெக்ட் பாதி முடிந்தது! அப்புறம், அரிவாள் இலையின் அடியில் தண்டோடு சேரும் மூலையில் மொட்டு இருக்கிறதா பாருங்கள். மொட்டு இருந்தால் அந்த அரிவாள் வடிவம் கிளை அல்ல, இலையின் பகுதியான காம்புதான்.

ஆனால் இதை வைத்து இனத்தைச் சொல்லிவிட முடியாது. மான்ஜியம் அக்கேசியாவின் கன்றும் இப்படித்தான் மாறும். காய் இருக்கும் பெரிய மரம் பக்கத்தில் இருந்தால் அதையும் பாருங்கள். காதுமடல் மாதிரி சுருண்ட தட்டைக் காய் என்றால் அது அக்கேசியா ஆரிகுலிஃபார்மிஸ் என்ற இனம்.