தொலைநிலையில் வணிகப் பாடம்: கணக்குப்பதிவியல் நோட்டைத்தான் பார்க்க வேண்டும்

உங்கள் மகள் மேல்நிலைப் படிப்பை வணிகப் பிரிவில், அதுவும் வகுப்புக்குப் போகாமல் தொலைநிலையில் படிக்கப் போகிறாள். "பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் படிப்பாளா?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் எல்லாப் பாடத்துக்கும் அது ஒரே அளவில் பொருந்தாது. வணிகவியலையும் பொருளியலையும், வாசிக்கும் பழக்கம் உள்ள பிள்ளைகள் பெரும்பாலும் தனியாகவே சமாளித்துவிடுவார்கள். சிக்கல் வருவது கணக்குப்பதிவியலில்.

அதற்கு முன், பணம் கட்டுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அடுத்து எந்தக் கல்லூரியில், எந்தப் படிப்பில் சேர நினைக்கிறாளோ, அந்தக் கல்லூரியிடமே கேளுங்கள்: இந்த நிறுவனத்தின் சான்றிதழை ஏற்பார்களா, மாட்டார்களா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாடம் நடத்தும் நிறுவனம் "எங்கும் செல்லும்" என்று சொல்வதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். அப்படியே, அந்தப் படிப்புக்குக் கணிதம் கட்டாயமா என்றும் கேட்டுவிடுங்கள். வணிகப் பிரிவுதானே என்று கணிதத்தை விட்டுவிட்டு, பிறகு பொருளியல், புள்ளியியல், நிதித்துறைப் படிப்புகளின் வாசலில் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. அவளால் முடியும் என்றால் கணிதத்தை வைத்துக்கொள்ளட்டும்.

சரி, கணக்குப்பதிவியலுக்கு வருவோம். இதைப் படித்தால் புரிந்த மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து. 10,000-க்குச் சரக்கு கடனுக்கு வாங்கினால் கொள்முதல் கணக்கில் பற்று (டெபிட், இடப்பக்கம்), விற்றவர் கணக்கில் வரவு (கிரெடிட், வலப்பக்கம்). புத்தகத்தில் பார்த்தால் எளிது. பிறகு அவருக்கு 9,800 மட்டும் ரொக்கமாகக் கொடுத்து, 200 தள்ளுபடி பெற்று, கணக்கை முடிக்கிறோம். வெள்ளைத்தாளில் இதை எழுதச் சொன்னால் பல பேர் அந்த 200-இல் நின்றுவிடுவார்கள். விற்றவர் கணக்கில் முழு 10,000-மும் பற்று எழுத வேண்டும். எதிரே ரொக்கத்தில் 9,800, பெற்ற தள்ளுபடியில் 200 வரவு. கையால் பல தடவை எழுதினால்தான் இது பழகும்.

எழுதினால் மட்டும் போதாது, யாராவது திருத்தியும் தர வேண்டும். எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு மீதிகளையும் பட்டியலிட்டுக் கூட்டிப் பார்ப்பதுதான் இருப்பாய்வு. அதில் இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் எல்லாம் சரி என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். 50,000-க்கு இயந்திரம் வாங்கியதை, விற்பதற்கான சரக்கை எழுதும் கொள்முதல் கணக்கில் போட்டுவிட்டால்கூட இருப்பாய்வு அழகாக ஒத்துப்போகும். ஆனால் லாபம் குறைந்து தெரியும், சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் இயந்திரமே இருக்காது. வகுப்பறையாக இருந்தால் ஆசிரியர் நோட்டைப் பார்த்த உடனே பிடித்துவிடுவார். தனியாகப் படிப்பவள், தப்பான பழக்கத்தோடு பல பாடங்களைத் தாண்டிப் போய்விடுவாள்.

1840-இல் இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் அஞ்சல் வழியாகச் சுருக்கெழுத்துக் கற்றுத்தந்தபோது, மாணவர்கள் பயிற்சியை எழுதி அனுப்புவார்கள், அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். தொலைநிலைக் கல்வியின் உயிர் இன்றைக்கும் அந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆகவே நிறுவனத்திடம் காணொளிகள் எத்தனை என்று கேட்பதைவிட இதைக் கேளுங்கள்: ஒப்படைவை அனுப்பினால் எத்தனை நாளில் திரும்பும்? மதிப்பெண் மட்டும் வருமா, எந்த வரியில் தவறு என்று குறித்து வருமா? சந்தேகம் கேட்க ஒரு மனிதர் கிடைப்பாரா? தெளிவான பதில் இல்லையென்றால், கணக்குப்பதிவியலுக்கு மட்டும் வாரம் ஒரு முறை நோட்டைப் பார்த்துத் தர ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். முழுநேர டியூஷன் தேவையில்லை.

உங்களுக்குக் கணக்கு தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். பரவாயில்லை. "படிச்சியா?" என்று கேட்காமல் "இன்றைக்கு எழுதினதைக் காட்டு" என்று கேளுங்கள். ஒவ்வொரு பதிவின் கீழும் விளக்கக் குறிப்பு இருக்கிறதா, பற்றும் வரவும் கூட்டினால் சமமாக வருகிறதா என்று யாராலும் பார்க்க முடியும். சமமாக வராவிட்டால் விடையைத் தேடிப் போக விடாதீர்கள், பிழையைத் தேடச் சொல்லுங்கள். வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபடுகிறதா? 540-ஐ 450 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம், வித்தியாசம் 90 வரும். இல்லையா, வித்தியாசத்தில் பாதித் தொகை எங்காவது இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஒரு தொகையைத் தவறான பக்கத்தில் ஏற்றினால் வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரியும். இப்படிப் பிழையைத் துரத்திப் பிடிக்கப் பழகியவளுக்குப் பாடத்தின் மேல் ஒரு பிடி வந்துவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, கணக்குப்பதிவியலை வாரக் கடைசிக்குச் சேர்த்து வைக்காமல் தினமும் கொஞ்சம் போடட்டும். நடந்த வரிசையில் எழுதும் குறிப்பேடு, அதைக் கணக்குவாரியாகப் பிரிக்கும் பேரேடு, பிறகு இருப்பாய்வு, லாபத்தையும் சொத்தையும் காட்டும் இறுதிக் கணக்குகள் என்று ஒன்றின் மேல் ஒன்றாக வருவதால், நடுவில் ஒன்று விட்டால் அடுத்தது நிற்காது. அடிப்படை கைக்கு வந்த அப்புறம் அதே கணக்குகளைக் கணினி விரிதாளில் போட்டுப் பார்க்கலாம். அதற்கு முன் வேண்டாம்.

வணிகவியலுக்கு நான் சொல்வது ஒன்றே. பங்குச் சந்தையில் உள்ள ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை இணையத்திலிருந்து எடுத்து, பாடத்தோடு சேர்த்து வாசிக்கட்டும். லாபம் காட்டும் நிறுவனத்திலும் சில வருடம் ரொக்கம் குறைந்திருக்கும். கடனுக்கு விற்றது லாபத்தில் சேர்ந்திருக்கும், பணம் இன்னும் வந்திருக்காது. இதை அவளே கண்டுபிடித்துச் சொன்னால், பாடம் உள்ளே இறங்கியிருக்கிறது என்று நீங்கள் நம்பலாம்.

கடைசியாக, சேரும்போதே கட்டணத்தைத் திரும்பப் பெறும் கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால் அவளோடு உட்கார்ந்து நோட்டைப் புரட்டுங்கள். பக்கங்கள் நிரம்பியிருந்து, திருத்தங்களும் இருந்தால் தொடரட்டும். காலியாக இருந்தால் திட்டாதீர்கள். வகுப்பறையில் படிப்பது அவளுக்குச் சௌகரியமா என்று அன்றைக்கே கேட்டு, தேதி தாண்டுவதற்குள் முடிவெடுங்கள்.