சக்கர நாற்காலியில் இருக்கும் 15 வயது மகனுக்குப் புட்டத்தில் சிவந்திருக்கிறது, என்ன செய்வது? (சாட்ஸ்வொர்த், டர்பன்)

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள் அம்மா. வெளுக்காவிட்டால் அழுத்தப்புண் தொடங்கிவிட்டது. அதன்மேல் உட்கார விடாமல் உடனே கிளினிக்கில் காட்டுங்கள். நம் கறுத்த தோலில் சிவப்பே தெரியாமல் போகலாம், அதனால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டும் பாருங்கள். எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது, நைந்த தோல் இன்னும் கெடும்.

இந்த வயதில் வளர்த்தியும் ஒரு காரணமாக இருக்கலாம். பையன் நெடுநெடுவென வளர்ந்திருப்பான், நாற்காலி பழைய அளவிலேயே இருக்கும். கால்மிதியை இறக்காவிட்டால் முட்டி மேலே தூக்கி, பாரம் முழுக்கப் புட்டத்து எலும்பில் இறங்கும். முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். டர்பன் புழுக்கத்தில் வியர்வை வேறு; தடித்த தையல் உள்ள ஜீன்ஸ் வேண்டாம். அரைமணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் முன்னால் குனியட்டும்.

அம்மா பார்ப்பதற்கு அவன் கூசுவான், அது நியாயம்தான். நீளப் பிடி வைத்த கண்ணாடி கொடுத்து, தினமும் அந்த இடத்தை அவனே பார்த்துக்கொள்ளப் பழக்குங்கள்.