ராத்திரி இரண்டு மணிக்கு யாரை அழைப்பது?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அண்மையில் பக்கத்து லயத்துப் பையன் ஒருவனுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு மனம் கலங்கிவிட்டது. கதவை உடைத்தான், யாரையும் கிட்டே விடவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதா போலீசைக் கூப்பிடுவதா என்று தெரியாமல் விடியும்வரை கட்டிப்போட்டு வைத்திருந்தோம். இங்கே ஒரு மனநல மையம் வேண்டும் என்று மனு எழுதக் கோயில் கமிட்டியில் பேச்சு நடக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மனுவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மையம் கேட்டால் ஒதுக்கீடு இல்லை என்று ஒரு கடிதம் வரும், அதோடு உங்கள் ஆட்கள் சோர்ந்துபோவார்கள். மையமே வந்தாலும் அது பெரும்பாலும் அலுவலக நேரத்தில்தான் திறந்திருக்கும். அந்தப் பையனுக்கு உதவி தேவைப்பட்டது ராத்திரி இரண்டு மணிக்கு. அங்கிருந்து ஒரு மருத்துவர் முன்னால் போய் உட்காரும்வரை உள்ள வழியை முதலில் நீங்களே சேர்ந்து அமைத்துவிடுங்கள். எங்கே அறுந்திருக்கிறது என்பது அப்போது தெரியும். அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது அதைத்தான்.

யாரை அழைப்பது என்பதற்குப் பதில் 999. ஆம்புலன்ஸ், போலீஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் அதே எண். "மனநோயாளி, ஆபத்தான நிலை, கையில் ஆயுதம் இருக்கிறது" அல்லது "இல்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தக்கூடிய நிலையில் இருப்பவரைப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் அதிகாரம் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் போலீசுக்கும் சமூகநல அதிகாரிக்கும் இருந்தது. 2023இல் செய்த திருத்தம் தீயணைப்புத் துறையையும் பொதுத் தற்காப்புப் படையையும் அதில் சேர்த்தது. ஆகவே போலீஸ் நிலையத்துக்கு மட்டுமல்ல, பொம்பா (தீயணைப்பு) நிலையத்துக்கும் ஒரு நாள் நேரில் போய்ப் பேசுங்கள். தோட்டத்துக்குள் வர எந்த வழி, ராத்திரியில் கேட்டை யார் திறப்பார் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உள்சாலை தெரியாமல் வண்டி சுற்றிக்கொண்டிருந்தால் அந்த நேரம் முழுவதும் நோயாளிக்குத்தான் நஷ்டம்.

இன்னொன்றையும் வீடு வீடாகச் சொல்ல வேண்டும். தற்கொலைக்கு முயன்றால் ஜெயில் என்ற குற்றவியல் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. இது தெரியாமல் இன்னமும் பயந்து மறைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. மறைப்பதால் சிகிச்சை தாமதமாகிறது. உயிரும் போகிறது.

கட்டிப்போட்டதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன், வேறு வழி தெரியவில்லை. ஆனால் இனி வேண்டாம். கயிறு உடம்பைக் காயப்படுத்தும். அதைவிட, தன்னைக் கட்டிய கைகளை அவன் மறக்க மாட்டான், அடுத்த முறை வீட்டாரையே நம்ப மாட்டான். கூட்டத்தைக் கலைத்துவிடுங்கள். கைப்பேசியில் படம் எடுப்பவர்களை முதலில் அனுப்புங்கள். கத்தி, மண்வெட்டி போன்றவற்றை அப்புறப்படுத்திவிட்டு, அவன் மதிக்கும் ஒரே ஒருவர் கொஞ்சம் தள்ளி நின்று மெதுவாகப் பேசட்டும். நம்பிக்கையான ஒருவர் கூட வந்தால் தானாகவே வண்டியில் ஏறுபவர்கள் நிறையப் பேர்.

சரி, ஆட்களை எப்படிச் சேர்ப்பது? கட்சிக்காரர்களிடமிருந்து தொடங்காதீர்கள். ராத்திரியில் விழித்திருப்பவர்கள், வண்டி வைத்திருப்பவர்கள், ஊர் நம்புகிறவர்கள் யார் என்று பாருங்கள். தோட்டத்து ஜாகா (காவலாளி), வேன் ஓட்டும் அண்ணன், தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பணி ஓய்வு பெற்ற டிரெசர் (மருத்துவ உதவியாளர்) இருந்தால் அவர். பூசாரியைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். பேய், செய்வினை என்று முதலில் அவரிடம்தான் வருவார்கள். பூசையை நிறுத்தச் சொல்ல வேண்டாம். "திருநீறு பூசியாச்சு, இனி கிளினிக்குப் போங்கள்" என்று அவர் வாயால் சொன்னால் அது பத்து விளக்கக் கூட்டத்துக்குச் சமம். இதையெல்லாம் முன்னின்று நடத்த வேண்டியவர்கள், வீட்டில் இந்த நோயோடு வாழ்ந்த குடும்பத்தார். அவர்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும். யார் வீட்டில் என்ன நடந்தது என்பது குழுவை விட்டு, குறிப்பாக வாட்ஸ்அப்புக்கு, போகவே கூடாது.

தோட்டத்துப் பூச்சிமருந்துக் கொட்டகையையும் கவனியுங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை. ஆனாலும் களைக்கொல்லிகளும் பூச்சிமருந்துகளும் இருக்கத்தான் செய்கின்றன. பூட்டு இருக்கிறதா, சாவி யாரிடம் என்று மேனேஜரிடம் கேளுங்கள், எந்த மருந்தையும் வீட்டுக்குக் கொண்டுபோக விடாதீர்கள். மனம் உடைந்த அந்த ஓரிரு மணி நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காக்கிறது.

பேச ஆள் தேவைப்படுகிறவர்களுக்கு சுகாதார அமைச்சின் 15555, பிஃப்ரெண்டர்ஸ் என்ற தன்னார்வ அமைப்பின் 03-7627 2929 இரண்டு எண்களையும் கோயில் பலகையில் ஒட்டுங்கள். அதற்கு முன் நீங்களே அழைத்து, எந்த நேரத்தில் தமிழில் பேச ஆள் கிடைக்கும் என்று கேட்டு அதையும் எழுதுங்கள்.

இனி மனுவுக்கு வருவோம். ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள், பெயர் வேண்டாம். எத்தனை மணிக்கு அழைத்தோம், வண்டி எப்போது வந்தது, எங்கே கொண்டுபோனார்கள், தமிழில் பேச ஆள் இருந்தாரா, வீடு திரும்பியபின் மருந்து எப்போது நின்றது. கடைசிக் கேள்விதான் முக்கியம். நான் பார்த்த நெருக்கடிகளில் பெரும்பாலானவை மருந்து நின்ற பிறகு வந்தவை. மருந்து நிற்பதற்குப் பல நேரம் பஸ் இல்லாததும் ஒரு நாள் சம்பளம் போவதும்தான் காரணம்.

ஆறு மாதக் குறிப்போடு கிளினிக் கெசிஹாத்தானின் (அரசு சுகாதார கிளினிக்கின்) ஆலோசனைக் குழுவையும், கோலகங்சார் மாவட்டச் சுகாதார அலுவலகத்தையும் பாருங்கள். கேட்பது சின்னதாக, குறிப்பாக இருக்கட்டும். மாதத்துக்கு ஒரு நாள் மனநல மருத்துவர் இங்கே வந்து பார்க்க முடியுமா? மனநோய்க்கான மாதாந்தர ஊசியை இங்கேயே போட முடியுமா? சமூக மனநலத் தாதி வீட்டுக்கு வந்து பார்ப்பாரா? 1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் தொடங்கிய உலு கிந்தா பஹாகியா மனநல மருத்துவமனை உங்களுக்கு ரொம்பத் தூரமில்லை. 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்' என்று பிள்ளைகளை மிரட்டும் ஊர்தான் நம்முடையது. அங்கிருந்து ஒரு தாதியை உங்கள் கோயில் மண்டபத்துக்கு அழைத்துப் பேச வைக்கலாம்.

ஆள் பற்றாக்குறை என்று பதில் வந்தால், தேதி போட்ட எழுத்துபூர்வமான பதிலாகக் கேட்டு வாங்குங்கள். அதை நோட்டுப் புத்தகத்தோடு சேர்த்து உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போங்கள். போகும்போது அந்தப் பையனின் அம்மா வரச் சம்மதித்தால் அவரையே பேச விடுங்கள்.