பெல்ஜியர்களைப் பார்த்துச் சிரிக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். உங்கள் பெல்ஜியப் பயணத் தொடரை விடாமல் படித்துவருகிறேன். என் மகன் நான்கு வருடமாக லூவனில் வேலை பார்க்கிறான். அதனால் ஒவ்வொரு பகுதி வந்ததும் அவனுக்கும் அனுப்பிவிடுவேன். ப்ரஸ்ஸல்ஸில் ஒன்றுக்குப் போகும் சிறுவன் சிலைக்கு ஆயிரத்துக்கு மேல் உடுப்பு தைத்து, அதற்கென்று ஒரு அருங்காட்சியகமே வைத்திருப்பதைப் படித்து வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஆனால் ஒரு நெருடல். வெள்ளைக்காரர்கள் இரண்டு வாரம் நம் ஊரைச் சுற்றிவிட்டுப் போய், நாம் தலையாட்டுவதையும் ரோட்டில் மாடு படுத்திருப்பதையும் கிண்டலாக எழுதினால் நமக்குச் சுருக்கென்று இருக்கிறதல்லவா? அதையே நாம் அவர்களுக்குத் திருப்பிச் செய்கிறோமோ என்று தோன்றியது. 541 நாள் அரசாங்கம் இல்லாமல் ஒரு நாடு இருந்தது சிரிக்கிற விஷயமா? ஒரு பெல்ஜியக்காரர் உங்கள் தொடரைப் படித்தால் என்ன நினைப்பார்? தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
க., திருச்சி

அன்புள்ள க.,

தவறாக எடுத்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. பத்து நாளாக உங்கள் கடிதம் என் மேஜையிலேயே இருக்கிறது. நம் ஊரைப் பற்றி வெளியாட்கள் எழுதிய கிண்டலைப் படித்து நானும் கொதித்திருக்கிறேன். அவர்கள் எழுதியது பொய் என்று சொல்ல முடியாது. மாடு படுத்திருந்தது நிஜம்தான். ஆனால் அந்த மாட்டைப் பார்த்து நாமும் சிரிக்கிறோம், அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம், அது எந்த வீட்டு மாடு என்பதும் நமக்குத் தெரியும். எழுதியவருக்கு இதெல்லாம் தெரியாது. தனக்கு மட்டும்தான் வேடிக்கை தெரிகிறது என்ற நினைப்பில் எழுதியிருப்பார். எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான்.

பெல்ஜியத்தில் நான் சிரித்ததெல்லாம் அவர்கள் முதலில் சிரித்து, பிறகு என்னையும் கூப்பிட்டுச் சிரிக்க வைத்தது. தொடரில் சேர்க்காமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன்.

அந்த நாட்டின் மிக உயரமான இடம் பொத்ரான்ஜ். கிழக்கே, ஜெர்மன் எல்லையை ஒட்டிய சதுப்பு மேட்டில் இருக்கிறது. உயரம் 694 மீட்டர். நம் ஏற்காடு இதைப்போல் இரண்டு மடங்கு உயரம். சிகரம் என்று நினைத்துக்கொண்டு போனால் புல்வெளியும் மூடுபனியும்தான், ஏறிவந்த உணர்வே இருக்காது. அங்கே ஒரு மண்மேட்டை எழுப்பி, அதன்மேல் ஏறக் கல்படி கட்டியிருக்கிறார்கள். மேட்டின் உயரம் ஆறு மீட்டர். ஏறி நின்றால் 700 மீட்டர் ஆகிவிடும். 1923இல் இதற்காகவே கட்டியது.

நான் போன அன்று ஒரு தாத்தா பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறினார். குழந்தைக்கு ஐந்து வயது இருக்கும். கடைசிப் படியில் அவளைத் தூக்கி நிறுத்திவிட்டு, கீழே நின்ற என்னைப் பார்த்துப் பெருமையாகக் கைகாட்டினார். 'வாருங்கள், எழுநூறுக்கு வாருங்கள்' என்றார் ஆங்கிலத்தில். நான் ஏறிப்போனதும் பேத்தியைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, 'இப்போது இவள் எழுநூற்றிரண்டு' என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அப்புறம் அவரே அந்த இடத்தின் கதையைச் சொன்னார். இந்தப் பகுதி முதல் உலகப் போருக்குப் பிறகுதான் ஜெர்மனியிடமிருந்து பெல்ஜியத்துக்கு வந்தது. அதுவரை நாட்டின் உயரமான இடம் வேறு. புதிதாகச் சேர்ந்த பகுதியை நிர்வகிக்க பால்தியா என்றொரு ராணுவத் தளபதியை அனுப்பினார்கள். மேட்டுக்கு அவர் பெயர்தான். தாத்தாவின் அப்பா ஜெர்மன் குடிமகனாகப் பிறந்தவராம். ஊர் மாறாமலேயே நாடு மாறிப்போனவர். சிரித்துக்கொண்டே ஏறிய படிக்குள் இவ்வளவு இருந்தது. அவர் சொல்லாவிட்டால் ஆறு மீட்டர் மேட்டைப் பற்றி நானும் நாலு வரி கிண்டல் எழுதியிருப்பேன். உங்கள் கேள்வி அந்தக் கட்டுரைக்குச் சரியாகப் பொருந்தியிருக்கும்.

இனி மொழிக்கு வருகிறேன். ரயில்நிலையப் பெயர்களைப் பற்றி எழுதிய பகுதி பலருக்குப் பிடித்திருந்தது. மோன்ஸ் என்ற ஊருக்கு டிக்கெட் எடுத்தவர் டச்சு பேசும் ஃப்ளெமிஷ் பகுதியில் 'பெர்கன்' என்ற பலகையைத்தான் பார்ப்பார். இரண்டும் ஒரே ஊர், இரண்டுக்கும் பொருள் மலை. 2024இல் ப்ரஸ்ஸல்ஸுக்குப் போகும் ரயிலில் ஒரு நடத்துநர் டச்சில் காலை வணக்கம் சொல்லிவிட்டு, கூடவே 'போன்ஜூர்' என்றும் சொன்னார். ரயில் அப்போது இன்னும் டச்சு மொழிப் பகுதியைத் தாண்டவில்லை. ஒரு பயணி மொழிக் கண்காணிப்பு ஆணையத்துக்குப் புகார் எழுதிவிட்டார். ஒரு வணக்கத்துக்குப் புகாரா என்று நாடு முழுக்கச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஆனால் தமிழ் பேசுகிற நமக்கு அதோடு விட்டுவிட முடியாது. 1830இல் நாடு பிறந்தபோது ஃப்ளெமிஷ்காரர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். ஆனால் அரசாங்கம், நீதிமன்றம், பல்கலைக்கழகம் எல்லாம் பிரெஞ்சில் நடந்தன. கென்ட் பல்கலைக்கழகம் முழுக்க டச்சுக்கு மாற 1930 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரசியல் சாசனத்துக்குச் சட்டப்படி செல்லுபடியாகும் டச்சு வடிவம் 1967இல்தான் வந்தது. நூற்று முப்பது வருடத்துக்கு மேல் தன் நாட்டுச் சாசனத்தைத் தன் மொழியில் அதிகாரபூர்வமாகப் படிக்க முடியாத ஒரு சமூகம் அது. ராஞ்சியில் வாழ்ந்து ராமகதை ஆராய்ச்சியும் ஆங்கில–இந்தி அகராதியும் தந்த காமில் புல்கே பாதிரியார் ஒரு ஃப்ளெமிஷ்காரர். தன் ஊரில் பிரெஞ்சு செய்ததை இங்கே ஆங்கிலம் செய்கிறது என்று அவருக்குப் பட்டது. இந்தி மேல் அவருக்கு இருந்த பிடிப்பின் வேர் அங்கே இருக்கிறது. எந்த மொழிக்காகப் போராடினார் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். அந்த வலி எது என்று நமக்குத் தெரியும்.

உங்கள் மகன் இருக்கும் லூவனிலேயே ஒரு கதை உண்டு. அங்கே பல்கலைக்கழக நூலகத்தை 1914இல் ஜெர்மன் படை எரித்தது. திரும்பக் கட்டினார்கள். 1940இல் மறுபடியும் எரிந்தது. மறுபடியும் சேர்த்தார்கள். 1968இல் 'வல்லோன்களே வெளியேறுங்கள்', அதாவது பிரெஞ்சு பேசுபவர்களே வெளியேறுங்கள், என்ற கோஷத்தோடு பல்கலைக்கழகமே மொழியால் இரண்டாகப் பிரிந்தது. பிரெஞ்சுப் பிரிவுக்காக முப்பது கிலோமீட்டருக்குள் ஒரு புது ஊரையே கட்டினார்கள். நூலகத்தையும் பிரித்தாக வேண்டும். ஒற்றைப்படை எண் போட்ட புத்தகம் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம் என்று பங்கு போட்டார்கள். இதைச் சொல்லாத பெல்ஜியக்காரரை நான் பார்க்கவில்லை. சொல்லும்போது எல்லாரும் சிரிப்பார்கள். ஒரு ஓய்வுபெற்ற நூலகர் மட்டும் சிரித்து முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சற்று நேரம் பேசாமல் இருந்தார். இரண்டு முறை எரிந்ததைச் சேர்த்தவர்கள் தாங்களே பிரிக்க வேண்டி வந்ததே என்று அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் அப்படிக் கேட்டது. என் கட்டுரையில் அந்தச் சிரிப்பை எழுதினேன், கண்ணாடி துடைத்ததை எழுதாமல் விட்டேன். அங்கே நீங்கள் சொல்வது சரி. புத்தகமாக வரும்போது சேர்த்துவிடுகிறேன்.

541 நாள் விஷயம். 2010 ஜூன் தேர்தலுக்குப் பிறகு 2011 டிசம்பர் வரை புது அரசாங்கம் அமையவில்லை. ஆனால் ஆளே இல்லாமல் கிடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பழைய அமைச்சரவை பொறுப்பில் தொடர்ந்தது. கல்வி, போக்குவரத்து மாதிரி நிறைய அதிகாரம் ஏற்கெனவே மாநில, மொழிச் சமூக அரசுகளிடம் இருக்கிறது. அந்தக் காலத்தில்தான் ஆறு மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமைப் பொறுப்பையும் பெல்ஜியம் வகித்தது. கென்ட்டில் ஒரு உருளைக்கிழங்கு வறுவல் கடைக்காரர் எனக்கு இதை விளக்கினார். அவர்கள் வறுவலை இரண்டு முறை பொரிப்பார்கள். முதலில் மிதமான சூட்டில் உள்ளே வேகும்வரை, பிறகு எடுத்து ஆறவைத்து, கூட்டம் வந்ததும் அதிகச் சூட்டில் மொறுமொறுவென்று. 'எங்கள் அரசாங்கமும் அப்படித்தான், முதல் பொரியலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே கொஞ்சம் அதிக நேரம் ஆறிவிட்டது' என்றார், கூம்புக் காகிதத்தில் மயோனைஸ் போட்டுக்கொண்டே.

அந்த நாட்களில் ஒரு நடிகர், அரசாங்கம் அமையும்வரை ஆண்கள் யாரும் சவரம் செய்யக்கூடாது என்று அறிவித்தார். 2011 பிப்ரவரி 17 அன்று, அரசாங்கம் அமைக்க அதிக நாள் எடுத்துக்கொண்ட ஈராக்கின் சாதனையை முறியடித்துவிட்டோம் என்று சொல்லி ஊர் ஊராகக் கொண்டாடினார்கள். வறுவல் புரட்சி என்று பெயர். கென்ட்டில் மாணவர்கள் அந்தக் குளிரில் உள்ளாடையோடு திரண்டு நின்றார்கள். அதற்கு மூன்று வாரம் முன்பு ப்ரஸ்ஸல்ஸில் முப்பதாயிரம் பேருக்கு மேல் 'வெட்கம்' என்று எழுதிக்கொண்டு ஊர்வலம் போயிருந்தார்கள். இரண்டிலும் கலந்துகொண்ட ஒரு பெண்ணைச் சந்தித்தேன். ஊர்வலத்தில் அழுதாளாம், வறுவல் நாளில் ஆடினாளாம். இரண்டும் ஒரே பயத்துக்காகத்தான் என்றாள்.

என்ன பயம் என்று கேட்டேன். 2006 டிசம்பர் 13 இரவைச் சொன்னாள். பிரெஞ்சு மொழி அரசுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு, ஃப்ளெமிஷ் பகுதியான ஃபிளாண்டர்ஸ் தனிநாடாகிவிட்டது, மன்னர் வெளியேறிவிட்டார் என்று செய்தி வாசித்தது. எல்லாம் கற்பனை. இது புனைவு என்று திரையில் போடச் சொல்லி அமைச்சரே தலையிட வேண்டி வந்தது. அதற்குள் அரை மணிநேரம் போய்விட்டது. அவளுடைய அம்மா ஃப்ளெமிஷ், அப்பா வல்லோன். அந்த அரை மணிநேரம் சோபாவில் இரண்டு பேருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாளாம். இதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சிரிக்கக்கூடாத இடம் எது என்பதையும் அங்கேதான் பார்த்தேன். ஆல்ஸ்ட் என்ற ஊரில் நடக்கும் கார்னிவல் அரசியல்வாதிகளையும் தங்களையும் கிண்டல் செய்வதற்குப் பேர்போனது. யுனெஸ்கோ பட்டியலிலும் இருந்தது. 2019இல் யூதர்களைக் கேலிச்சித்திரமாக்கி ஒரு ஊர்தி விட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது, அந்த வருட இறுதியில் பட்டியலிலிருந்து பெயர் போயிற்று. ஊர்க்காரர்கள் பலர் இன்னும் அதை நியாயப்படுத்துகிறார்கள். நான் நியாயப்படுத்த மாட்டேன். தன் மேயருக்கு மூக்கு ஒட்டிச் சிரிப்பது வேறு, இருபத்தைந்தாயிரம் யூதர்கள் கொலை முகாமுக்கு ரயிலேற்றப்பட்ட நாட்டில் யூதனுக்கு மூக்கு ஒட்டிச் சிரிப்பது வேறு.

ப்ரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்து ஊரான தெர்வ்யூரனைப் பற்றித் தொடரில் ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 1897 கண்காட்சிக்காக இரண்டாம் லியோபோல்ட் மன்னர் அங்கே காங்கோ மக்கள் 267 பேரைக் கொண்டுவந்து, குடிசை போட்டு, வேடிக்கை பார்க்க வைத்தார். ஏழு பேர் அங்கேயே இறந்துபோனார்கள். தேவாலயத்தை ஒட்டி ஏழு கல்லறைகளும் வரிசையாக இருக்கின்றன. ஈர இலைகள் ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொரு பெயரையும் படித்துவிட்டு வந்தேன். அந்த நாட்டைப் பற்றிச் சிரித்து எழுதுகிற தொடரின் நடுவே அந்தப் பெயர்களை வைக்க எனக்கு மனம் வரவில்லை. தனியாக எழுதுகிறேன்.

கடைசியாக, ஒரு பெல்ஜியக்காரர் படித்தால் என்ன நினைப்பார் என்று கேட்டீர்கள். உங்கள் மகனிடமே அந்தப் பொறுப்பை விடுகிறேன். கூட வேலை பார்க்கும் யாருக்காவது பொத்ரான்ஜ் பகுதியையும் நூலகப் பகுதியையும் மொழிபெயர்த்துச் சொல்லட்டும். அவர்கள் முகம் எங்கே மாறுகிறது என்று பார்த்து எனக்கு எழுதட்டும். அந்த வரியைத் திருத்துகிறேன்.

அடுத்த கோடையில் மகனைப் பார்க்கப் போவதாக முன்பு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். ஈப்பருக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒரு காலத்தில் அங்கே மணிக்கூண்டிலிருந்து உயிருள்ள பூனைகளைக் கீழே வீசுவார்கள். 1817க்குப் பிறகு அது நின்றுபோனது. இப்போது மூன்று வருடத்துக்கு ஒருமுறை துணிப் பூனைகளை வீசுகிறார்கள். பெரிய பெரிய பூனை உருவங்களோடு ஊர்வலம் போகும், ஊரே பூனை வேஷத்தில் இருக்கும். அதே மணிக்கூண்டிலிருந்து சில நிமிட நடையில் மெனின் வாயில். முதல் உலகப் போரில் உடல் கிடைக்காமல் போன ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதன் சுவரில் இருக்கின்றன. இந்தியப் படைவீரர்களின் பெயர்களும் உண்டு. 1928இலிருந்து, ஜெர்மன் ஆக்கிரமிப்பு வருடங்கள் தவிர, தினமும் இரவு எட்டு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு அங்கே ஊதுகொம்பு ஊதுகிறார்கள். நான் போன அன்று ஊதியவர்களில் ஒருவர், மதியம் கடைத்தெருவில் பூனை பொம்மை விற்றுக்கொண்டு எனக்கு விலை சொன்னவர். ஏழரைக்கே போய் நில்லுங்கள், கூட்டம் இருக்கும். வாயிலின் உட்பக்கத்தில் நின்றால் பெயர்களைப் படிக்க முடியும்.

அன்புடன்.